அறிவிப்பும் கணக்கும்

சித்திரை, வைகாசி மாதங்களில் நாளிதழின் மாவட்டப் பக்கங்களை விடாமல் வாசிப்பவர், எந்தச் சிறுநகரத்திலும் கால் வைக்காமலே அதன் கோடையைச் சொல்லிவிடலாம். ஒரு கட்சி நீர்மோர்ப் பந்தல் திறக்கிறது. மறுநாள் அதற்கு எதிர்ச்சாரியில் இன்னொரு கட்சியின் பந்தல். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாயிற்று. துணைமின் நிலையத்தில் பராமரிப்புப் பணி, காலை ஒன்பது மணி முதல் மின்சாரம் இருக்காது. பத்தாம் வகுப்பில் முதலிடம் பிடித்த மாணவிக்குத் தலைமையாசிரியர் இனிப்பு ஊட்டுகிறார். காலிக்குடங்களோடு பெண்கள் சாலை மறியல். தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி தொடக்கம். பேரூராட்சி மன்றக் கூட்டத்தில் தீர்மானங்கள் அனைத்தும் ஒருமனதாக நிறைவேறின. ஊர்ப்பெயரையும் தேதியையும் மாற்றினால் அடுத்த ஆண்டும் இதே பக்கத்தை அச்சிட்டுவிடலாம்.

எனக்கு இந்தப் பக்கம் பிடிக்கும். முதல் பக்கத்துச் செய்திகளைப் படித்துவிட்டு நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, கோபப்படலாம், மறந்துபோகலாம். மாவட்டப் பக்கத்துச் செய்தியோ எழுந்து போய் மோட்டார் போடச் சொல்கிறது. மின்சாரம் போவதற்குள் மாவு அரைத்துவிட வேண்டும், வரியை ஏப்ரல் 30-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, தேரோட்டத்தன்று பேருந்து பைபாஸ் வழியாகப் போகும். சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஓர் ஊர் தன் உடம்பை அசைத்துக்கொள்வது இவற்றால்தான்.

ஆனால் தொடர்ந்து வாசித்துவந்தால் இந்தப் பக்கத்தில் ஒரு குறை தட்டுப்படும். இதில் இருப்பவை இரண்டே வகைச் செய்திகள். நாம் என்ன செய்யவேண்டும் என்பது ஒன்று. அவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்பது மற்றொன்று. செய்தது என்ன, எவ்வளவு, யாருக்கு எட்டியது, யாருக்கு எட்டவில்லை என்பது மட்டும் வருவதேயில்லை. அறிவிப்புக்குப் பஞ்சமில்லாத ஊரில் கணக்குக்குப் பஞ்சம். மழைக்காலத்தில் இது உறைப்பதில்லை. தண்ணீர் சுண்டும் மாதங்களில்தான் உள்ளாட்சி என்று ஒன்று இருப்பதே ஊருக்கு நினைவு வருகிறது. அப்போது கேட்கப்படுவதெல்லாம் கணக்குத்தான்.

*

தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். இன்று பல பேரூர்கள் குடிக்கும் தண்ணீர் அந்தந்த ஊரில் ஊறுவதில்லை. காவிரியில் திருச்சிப் பக்கம் எடுக்கும் தண்ணீர் ராமநாதபுரம் வரைக்கும் குழாயில் போகிறது. 1971-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் இப்படியான கூட்டுக் குடிநீர்த் திட்டங்களை அமைத்து, தண்ணீரை ஊரின் தொட்டிவரை கொண்டுவந்து விடும். அங்கிருந்து தெருத்தெருவாகப் பிரிப்பது பேரூராட்சியின் வேலை. ஆகவே குழாயில் காற்று மட்டும் வரும் நாளில் செயல் அலுவலர் வாரியத்தைக் கைகாட்டலாம், வாரியம் மின்வெட்டைக் கைகாட்டலாம், மின்வாரியம் கோடையைக் கைகாட்டலாம். கடைசியில் குற்றம் சூரியன் தலையில் வந்து விடியும்.

அளவு என்று கேட்டால் அதற்கும் பதில் உண்டு. புதைசாக்கடை உள்ள நகரங்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், அந்த வசதி இல்லாத ஊர்களுக்கு 70 லிட்டர் என்பது பொறியாளர்கள் நெடுங்காலம் பின்பற்றிவந்த அளவு. ஊரக வீடுகளுக்கு 55 லிட்டர் என்கிறது ஜல் ஜீவன் திட்டம். இவை சராசரிகள். சராசரியை யாரும் குடத்தில் பிடித்துவைக்க முடியாது. நான்கு நாளைக்கு ஒருமுறை, அதுவும் விடியற்காலை மூன்று மணிக்கு வரும் தண்ணீருக்காகக் கண்விழிக்கும் பெண்ணின் தூக்கம் எந்தச் சராசரியிலும் சேர்வதில்லை. தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் மாடிக்கே ஏறும் தண்ணீர், மேட்டுத்தெருவின் கடைசி வீட்டில் முழங்கால் உயரக் குழாயில்கூட வராது. இடையில் நாலு வீட்டில் குழாயோடு மோட்டாரை இணைத்து உறிஞ்சுகிறார்கள். மோட்டார் பறிமுதல் என்று ஒரு செய்தி கோடைதோறும் வரும். எந்தத் தெருவில் எத்தனை மோட்டார்கள், அவை யாரிடம் திரும்பிப் போயின என்பது வராது.

ஊரில் இதையெல்லாம் உண்மையில் அறிந்தவர் ஒருவர் உண்டு. அவர் தண்ணி விடுகிறவர். அரசு ஆவணத்தில் அவருக்கு வேறு பெயர் இருக்கலாம். தெருவில் அவர் தண்ணி விடுகிறவர்தான். கையில் நீண்ட சாவியோடு சைக்கிளிலோ பழைய மொபெட்டிலோ வருவார். எந்த வால்வை எத்தனை சுற்றுத் திறந்தால் எந்தத் தெருவின் கடைசி வீட்டுக்கு எட்டும் என்பது அவர் மணிக்கட்டுக்குத் தெரியும். கோடையில் அவருடைய கைப்பேசி எண்தான் ஊரிலேயே மதிப்புள்ள தகவல். அவருக்கு டீ வாங்கிக் கொடுப்பவர்கள் உண்டு, கையில் ஏதாவது திணிப்பவர்களும் உண்டு, மண்ணை வாரித் தூற்றுபவர்களும் உண்டு. ஆண்டு முழுக்க அவர் மனதில் சேரும் அந்த நீர்வரைபடத்தை யாரும் எழுதிவாங்குவதில்லை. அவர் ஓய்வு பெறும் நாளில் ஊரின் முக்கியமான ஆவணம் ஒன்று சால்வை போர்த்தி வழியனுப்பப்படுகிறது.

*

காலிக்குட மறியல் தமிழ்நாடு கண்டுபிடித்த மனு வடிவம் என்று சொன்னால் மிகையாகாது. எழுதப் படிக்கத் தெரியவேண்டாம், முத்திரைத்தாள் வேண்டாம், பெறுநர் முகவரி வேண்டாம். பிளாஸ்டிக் குடங்களைச் சாலையின் குறுக்கே வரிசையாக வைத்தால் போதும். பேருந்து நிற்கும், அரைமணி நேரத்தில் போலீஸ் ஜீப்பும் அதன் பின்னால் செயல் அலுவலரும் வருவார்கள். பேச்சுவார்த்தை நடக்கும். இரண்டு நாளில் சரிசெய்வதாக உறுதி தரப்படும். மறியல் செய்தவர்கள் கலைந்து செல்வார்கள். செய்தியும் அங்கேயே கலைந்துவிடும். மூன்றாம் நாள் தண்ணீர் வந்ததா என்று விசாரித்து எழுதிய செய்தியை மிக அரிதாகத்தான் பார்க்க முடிகிறது. மறியல் செய்தி, தண்ணீர் வந்தது செய்தியில்லை என்று இதழியல் பாடம் சொல்லக்கூடும். ஊருக்கோ இரண்டாவதுதான் செய்தி.

ஆனாலும் அந்த அரைமணி நேரத்தில் நடப்பதை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். வார்டு உறுப்பினரை நடுத்தெருவில் நிறுத்தி ஒரு பாட்டி கேட்கிறார்: “ஏம்ப்பா, ஓட்டுக் கேட்டு வந்தப்ப எங்க வாசல் தெரிஞ்சுது, இப்ப மட்டும் கண்ணு அவிஞ்சு போச்சா?” அவரால் பதில் சொல்ல முடியாது, தலையைச் சொறிந்துகொண்டு, “பாத்துச் சொல்றேன் பாட்டி” என்பார். அவர் கையில் நிதியில்லை, அதிகாரமும் அதிகமில்லை. ஆனால் திட்டு வாங்க அங்கே வந்து நிற்கிறார். மறுநாள் காலை அதே பாட்டி வீட்டைத் தாண்டித்தான் அவர் டீக்கடைக்குப் போயாகவேண்டும். உள்ளாட்சிக்கும் மேலே இருக்கும் ஆட்சிகளுக்கும் உள்ள வேறுபாடு இந்தத் தூரத்தில் இருக்கிறது. முதலமைச்சரையும் பிரதமரையும் திட்டலாம், அவர்கள் காதில் விழாது.

இந்தத் திட்டுக்கு ஆளில்லாமல் தமிழகத்துச் சிறுநகரங்கள் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. 2011-இல் தேர்வான நகர்ப்புற மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் அறிவிப்பை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்கு, வார்டு மறுவரையறை, மீண்டும் வழக்கு என்று இழுத்து, பேரூராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் வாக்குப்பதிவு நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்றுதான். அதுவரை தனி அலுவலர்கள் ஆண்டார்கள். அந்த இடைவெளியில் எந்தெந்தக் கோடைகள் வந்துபோயின என்று பாருங்கள். 2016-இன் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. 2019-இல் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுபோனார்கள். அண்மைக்கால நினைவில் தொண்டை மிகவும் வறண்ட இரண்டு கோடைகளிலும் எந்தச் சிறுநகரத்திலும் மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் உறுப்பினர்கூட இல்லை.

அந்த ஆண்டுகளில் தண்ணீர் விநியோகம் இன்னும் மோசமாக இருந்தது என்று நான் சொல்லவரவில்லை. சில ஊர்களில் தனி அலுவலர்கள் கெட்டிக்காரர்களாகவே இருந்திருப்பார்கள். இல்லாமல்போனது வேறு. கேள்வி போய்ச் சேரும் இடம் இல்லாமல்போனது. அலுவலரை இடமாற்றம் செய்தால் கேள்வியும் கூடவே மாற்றலாகிப்போகும். ஊரகத்திலும் அதே கதை: 2019 டிசம்பரில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது, பெரும்பாலான மாவட்டங்களின் ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. 1882 மே 18 அன்று அப்போதைய வைஸ்ராய் ரிப்பன் பிரபு தன் உள்ளாட்சித் தீர்மானத்தை வெளியிட்டபோது, இதனால் நிர்வாகம் சிறக்கும் என்பதைவிட மக்களுக்கு இது அரசியல் பயிற்சியாக அமையும் என்பதையே முதற்காரணமாகச் சொன்னார். நாம் அந்தப் பயிற்சியை அவ்வப்போது விடுமுறை விட்டு நடத்துகிறோம்.

*

அறிவிப்பு என்பது நம் ஊர்களில் எப்போதுமே மேலிருந்து கீழே இறங்கிய சங்கதி. ஏரி மீன் ஏலம், புளியமர மகசூல் ஏலம், வரி கட்டக் கடைசி நாள், காலரா ஊசி எல்லாம் தண்டோராவாக வந்தன. பறையை அடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தவர் பெரும்பாலும் தலித். அது அவர் விரும்பி ஏற்ற தொழிலாக இருந்ததில்லை. அவர்மேல் சாதி சுமத்திய ஊழியம். ஊருக்கெல்லாம் ஏலத்தை அறிவித்தவர், அந்த ஏலத்தில் கைதூக்கிக் கேட்கும் இடத்தில் இருந்தாரா என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, தண்டோரா போடும் வழக்கத்தை முற்றாக நிறுத்தி, வாகனங்களில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கும்படி மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். நாடு விடுதலை அடைந்து 75 ஆண்டு நிறைந்த அதே மாதம்.

இப்போது ஆட்டோவில் பதிவுசெய்த குரல் வருகிறது. குப்பை வண்டியில் பாட்டோடு சேர்ந்து வருகிறது. வாட்ஸாப் குழுவில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே வருகிறது. குரல் மாறிவிட்டது, திசை மாறவில்லை. குழுவில் ஒருவர், “லாரித் தண்ணி எங்க தெருவுக்கு மட்டும் ஏன் வரல?” என்று கேட்டால், நிர்வாகி குழுவைப் பூட்டிவிடுகிறார், அதன்பிறகு நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்ப முடியும். பறைக்காவது பூட்டு இல்லை.

ஏலத்தை அறிவிப்பவர் யார் என்பதைப் போலவே ஏலத்தில் கையெழுத்திடுபவர் யார் என்பதும் நம் நாட்டில் உயிர்போகும் கேள்வியாக இருந்திருக்கிறது. மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. தேர்தலில் வென்ற முருகேசனையும் உடன் வந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். அதே ஒதுக்கீடு வந்த பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 அக்டோபர்வரை பத்தாண்டுகள் தலித் தலைவர் யாரையும் பதவியில் நிலைக்கவிடவில்லை. குளத்து மீனும் புளியமரமும் மாவட்டப் பக்கத்தில் ஒருவரிச் செய்திகள். ஊருக்குள் அவை அதிகாரத்தின் மறுபெயர்கள். கணக்குக் கேட்பது என்றால் இதையும் சேர்த்துத்தான் கேட்கவேண்டும்.

*

உத்திரமேரூரைச் சொல்லாமல் தமிழில் உள்ளாட்சிக் கட்டுரை எழுத முடியாது என்றாகிவிட்டது. மேடைதோறும் குடவோலை உருளுகிறது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும், வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டப்பட்ட அந்தச் சாசனங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது குடத்தையும் ஓலையையும்விட வேறொன்று. குடும்பு என்று சொல்லப்பட்ட முப்பது ஊர்ப்பகுதிகளிலிருந்து ஆள் எடுத்து ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று அமைத்தவர்கள், யாருடைய பெயர் குடத்துக்குள் போகக்கூடாது என்றும் எழுதிவைத்தார்கள். ஏதாவதொரு வாரியத்தில் முன்பு இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் போகக்கூடாது. அவர் மட்டுமில்லை, அவருடைய நெருங்கிய உறவினர்களும் போகக்கூடாது. கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவரும் கூடாது. ஏரியைப் பராமரிக்கும் அறுவர் ஆண்டு முடிவில் எழுந்து போகும்போது பின்னால் கணக்கு நின்றது.

அந்தச் சுவரைக் கொண்டாடுகிறவர்கள் அதே சுவர் சொல்லும் இன்னொன்றையும் வாசிக்கவேண்டும். அது பிராமணர்களின் சபை. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குள் வயது, வேதப் பயிற்சி, இவ்வளவும் இருந்தால்தான் ஓலையில் பெயர் ஏறும். வயிரமேகத் தடாகம் என்று பழைய கல்வெட்டுகள் சொல்லும் அந்த ஊர்ப் பேரேரியைத் தோண்டியவர்களும் தூர்வாரியவர்களும் அதன் கீழ் உழுதவர்களும் அந்தச் சபையில் இல்லை, பெண்கள் இல்லை. கணக்கு இருந்தது, அது ஒரு சிலர் தங்களுக்குள் காட்டிக்கொண்ட கணக்கு. இன்று நிலைமை தலைகீழ். எல்லாருக்கும் வாக்கு உண்டு. உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016-இல் சட்டமும் திருத்தப்பட்டது. கணக்குச் சுவர்தான் இல்லை. காஞ்சிபுரம் மாவட்டத்துப் பேரூராட்சிகளில் உத்திரமேரூரும் ஒன்று என்பதை நினைத்துக்கொண்டால், இழப்பும் பேறும் ஒரே ஊரில் இருப்பது விளங்கும்.

*

கோடையில் கணக்கு வாசிக்கும் வழக்கம் நமக்குப் புதிதும் இல்லை. ஜூலை 1 அன்று வருவாய்த் துறைக்குப் புதுப் பசலி ஆண்டு பிறக்கும். அதற்கு முன் மே, ஜூனில் தாலுகா அலுவலகத்தில் பந்தல் போட்டு ஜமாபந்தி நடக்கும். உள்வட்டம் உள்வட்டமாகக் கிராம நிர்வாக அலுவலர்கள் அடங்கலையும் சிட்டாவையும் துணிமூட்டையில் கட்டிக் கொண்டுவருவார்கள். தீர்வாய அலுவலர் பதிவேடுகளைப் புரட்டிக் கையெழுத்திடுவார். நிலம் அளக்கும் சங்கிலியின் நீளம்கூடச் சரிபார்க்கப்படும். வெளியே மனுவெழுதுபவர்கள் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். பட்டா மாறுதலும் முதியோர் உதவித்தொகையும் கேட்டு வரிசை நீளும். கடைசி நாளுக்குக் குடிகள் மாநாடு என்று பெயர். அங்கே நலத்திட்ட உதவிகள் வழங்கப்படும், படம் எடுக்கப்படும்.

வருவாய்த் துறைக்கு இந்தச் சடங்கு எவ்வளவு பொருத்தம் என்பது ஒரு பக்கம். எனக்கு அதில் உறுத்துவது, கணக்கு மேலே போகிறது, மனுவும் மேலே போகிறது. குடிகளின் மாநாட்டில் குடிகளிடம் யாரும் கணக்கு ஒப்பிப்பதில்லை. அவர்களுக்குக் கிடைப்பது தையல் இயந்திரம்.

அதற்கு எதிர்த்திசையில் இருக்கும் ஒரே ஏற்பாடு மே 1 கிராமசபை. வரவு செலவை வாசிக்கவேண்டும், பதாகையில் எழுதி வைக்கவேண்டும், கேள்வி கேட்டால் தீர்மானப் புத்தகத்தில் ஏறவேண்டும். பல ஊர்களில் அது நிழலைத் தேடும் கூட்டமாகவும் கையெழுத்து வாங்கும் நோட்டாகவும் சுருங்கிவிட்டது உண்மைதான். ஆனாலும் கேட்க ஓர் இடம் சட்டப்படி இருக்கிறது. பேரூராட்சிக்கு அந்த வாசல் வெகுகாலம் கிடையாது. ஊரின் எல்லைப் பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊராட்சிக்காரர் மே 1 அன்று எழுந்து நின்று மோட்டார் ரிப்பேருக்கு எவ்வளவு ஆனது என்று கேட்கலாம். பலகைக்கு இந்தப் பக்கம் இருப்பவர் வரி மட்டும் கூடுதலாகக் கட்டலாம். மாநகராட்சி, நகராட்சி எல்லைகளோடு தங்கள் ஊராட்சிகளைச் சேர்க்காதீர்கள் என்று மக்கள் போராடியபோது நூறு நாள் வேலை போய்விடும் என்பதைக் காரணமாகச் சொன்னார்கள். கேள்வி கேட்கும் நாள் போய்விடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். 2022 நவம்பர் 1 முதல் நகர்ப்புறங்களிலும் பகுதி சபைகள் கூடத் தொடங்கியிருக்கின்றன. அவை வேர்பிடிக்குமா என்பது, அங்கே என்ன வாசிக்கப்படும் என்பதைப் பொறுத்தது. அங்கும் அறிவிப்பையே வாசித்தால் ஆட்டோ ஒலிபெருக்கி போதும், சபை வேண்டாம்.

மன்றக் கூட்டச் செய்தியின் கடைசி வரிக்கு வருகிறேன். தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறின என்ற அந்த வரியைப் பெருமையாக எழுதுகிறார்கள். குழாய் உடைந்த ஊரில், லாரித் தண்ணீருக்குச் சண்டை நடக்கும் ஊரில், பதினைந்து வார்டுக்காரர்களுக்கும் ஒரே மனம் எப்படி வாய்த்தது? மேட்டுத்தெரு உறுப்பினருக்கும் தொட்டித்தெரு உறுப்பினருக்கும் கோடையில் ஒரே மனம் இருந்தால் இருவரில் ஒருவர் தன் தெருவைக் கைவிட்டிருக்கிறார் என்றுதான் பொருள். மறுத்தவர் யார், எதற்காக மறுத்தார், அவர் வெளிநடப்புச் செய்யும் முன் என்ன கேட்டார் என்பதைப் பதிவுசெய்வது மன்றத்துக்கு அவமானம் ஆகாது. செய்தியாளருக்கும் அது கூடுதல் நான்கு வரிதான்.

இதற்குப் புதுச்சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. கேட்காமலே மக்களுக்குத் தெரிவிக்கவேண்டியவை எவை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு 2005-இலேயே பட்டியல் போட்டுவிட்டது. பேரூராட்சி அலுவலக வாசலில் கம்பிவலை போட்ட அறிவிப்புப் பலகையும் இருக்கிறது. போன ஆண்டு ஒப்பந்தப்புள்ளிக் காகிதம் இன்னும் அதில் மஞ்சளடித்துத் தொங்குகிறது. வெயில் தணிந்தபின் நடக்கும் முதல் மன்றக் கூட்டத்தில் ஒரேயொரு பொருளைக் கூடுதலாக வைத்தால் போதும்: முடிந்த கோடையின் கணக்கு. எந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் போனது, லாரி எத்தனை நடை அடித்தது, ஒரு நடைக்கு என்ன கொடுத்தோம், மறியலில் தந்த உறுதிகளில் எவை நிறைவேறின, எவை நிறைவேறவில்லை, ஏரி மீனும் சந்தையும் எவ்வளவுக்குப் போயின. தண்ணி விடுகிறவரையும் அன்று மன்றத்துக்குள் அழைத்து ஒரு நாற்காலி போட்டுப் பேசச் சொல்லலாம். அந்தக் கூட்டத்தில் எந்தத் தீர்மானமும் ஒருமனதாக நிறைவேறாது. நாற்காலிகூடப் பறக்கலாம். அடுத்த கோடைக்கு ஊர் தயாராவது அந்தச் சண்டையிலிருந்துதான் தொடங்கும்.